அறுக்க வேண்டாத கூரை

கெடாவில் பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் சாலையில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கடந்ததும் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி வழி கேட்டேன். "பழைய காடி செய்யிற அண்ணன்தானே? கோயிலைத் தாண்டி உள்ளே போங்க. வெல்டிங் சத்தம் கேக்கும்" என்றார் தேநீர்க் கடைக்காரர்.

சத்தம் கேட்டது. பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகை, பின்னால் வாழை, அதற்கப்பால் செம்பனை. "வாங்க தம்பி, பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் முகமூடியைக் கழற்றினார். அறுபதைத் தாண்டியவர். தோட்டத்து லோரிகளைப் பழுதுபார்த்துத் தொழில் கற்றவர். இப்போது பழைய வண்டிகளை மட்டும் எடுக்கிறார், அதுவும் பிடித்தால்தான்.

கொட்டகையில் இரண்டு வண்டிகள் நின்றன. இடப்பக்கம் வெளிர்நீல ட்ரையம்ப் ஹெரால்டு, வலப்பக்கம் மோரிஸ் மைனர். இரண்டுக்கும் கூரை இல்லை. ஹெரால்டின் கூரை மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் மேலே உத்தரத்தில் கயிற்றில் தொங்கியது. மைனரின் கூரை எங்கே என்று கேட்டேன்.

"பழைய இரும்புக்குப் போயிருச்சு. வேற எடத்துல அறுத்துட்டுத்தான் இங்க கொண்டாந்தாங்க" என்றவர் மைனரின் கதவைத் திறந்து காட்டினார். திறந்தது. மூடவில்லை. பூட்டுக்கும் அது விழ வேண்டிய இடத்துக்கும் இடையே ஒரு விரல் அளவு இறக்கம். கூரை போனதும் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது.

எனக்கு மனம் கனத்தது. என் பெரியப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வைத்திருந்தது இதே மைனர்தான். அதன் பின்இருக்கையில் உட்கார்ந்துதான் முதன்முதலில் சுங்கைப்பட்டாணியைப் பார்த்தேன்.

அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில் கொடுத்தார். "மூடி போட்டு முறுக்குங்க." முறுக்கினேன், அசையவில்லை. மூடியை எடுத்துவிட்டு மறுபடி முறுக்கச் சொன்னார். டின் என் கைக்கு வளைந்தது. "மைனர் இந்த டின்தான். அதுக்குத் தனியா சேசிஸ் கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் சேர்ந்துதான் காடியத் தாங்குது. மூடிய எடுத்தா அந்த பலத்த வேற எங்கயாவது வைக்கணும், இல்லியா?"

எங்கே வைப்பது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. 1948-இல் அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்த மைனரைத் தொழிற்சாலையே திறந்த கூரையோடும் விற்றது. ஆனால் அந்த வண்டி கூரை எடுத்த சலூன் அல்ல. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதி பெட்டிபோல் கட்டி வலுவூட்டப்பட்டிருக்கும், கதவுத் தூணின் அடியிலும் முட்டு இருக்கும். ஜெர்மனியில் கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 வரை 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீட்டில் கன்வெர்ட்டிபிள்களைக் கட்டியபோதும் இதே கதைதான்: கூரையில் குறைந்த இரும்பு அடியில் கூடியது.

அண்ணன் மைனருக்குச் செய்துகொண்டிருப்பதும் அதுவே. வண்டியைச் சமதளத்தில் நான்கு தாங்கிகளில் ஏற்றி, தொய்ந்த நடுப்பகுதியை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறார். கதவு வாசலில் மூலைக்கு மூலை டேப் வைத்து அளக்கிறார். இரண்டு பக்கமும் அளவு ஒத்துவந்ததும் வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாக வெல்டு வைத்துப் பூட்டுகிறார். அதன் பிறகுதான் சில்லைத் திறந்து உள்ளே புதுத் தகடு. இந்த ஆங்கிள் இரும்பு கூரையை அறுப்பதற்கு முன்பே வைத்திருக்க வேண்டியது. அரைநாள் வேலை. அதைச் செய்யாததால் இப்போது மாதக்கணக்கில் ஆகிறது.

முடிந்ததா இல்லையா என்பதற்கு அவரிடம் ஒரே சோதனை இருக்கிறது. பின்பக்கம் ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். சத்தமில்லாமல் மூடினால் வண்டி போகலாம்.

உலகத்தில் இந்த வெட்டும் வேலை பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 1970-களில், வண்டி கவிழ்ந்தால் ஆள் பிழைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு திறந்த கார்களைத் தடுத்துவிடும் என உற்பத்தியாளர்கள் அஞ்சினார்கள். 1975-இல் ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் மூடிய கூரையோடு மட்டும் வந்தது. அஞ்சிய சட்டம் வரவே இல்லை. ஆனால் ஜாகுவார் தன் முழுக் கன்வெர்ட்டிபிளை வெளியிட 1988 ஆனது. இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தின் லிங்க்ஸ், அமெரிக்காவின் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் போன்ற பட்டறைகள் கூரையை எடுத்துக் கொடுத்தன. இன்னொரு காரணம் ஆசை. ஃபெராரி டேட்டோனாவில் தொழிற்சாலை கட்டிய திறந்த வண்டிகள் ஏறத்தாழ 120 மட்டுமே. ஆசை மீறிய பலர் மூடிய டேட்டோனாக்களை அறுத்தார்கள். இன்று அசல் திறந்த வண்டியின் விலைக்கு அறுத்த வண்டி பக்கத்தில்கூட வராது.

ஹெரால்டு பக்கம் வந்ததும் அண்ணனின் குரலே மாறிவிட்டது. "இதையும் அறுக்கணும்னுதான் கொண்டாந்தாங்க. நான் சொன்னேன், இது அறுக்கிற காடி இல்ல, கழட்டுற காடி."

அது உண்மை. 1959-இல் ஹெரால்டு வந்தபோது ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு முழு உடலையும் ஒரே துண்டாக அடித்துத் தர ஆள் இல்லை. முன்பு செய்துகொடுத்த கம்பெனி போட்டியாளரின் கைக்குப் போயிருந்தது. அதனால் முதுகெலும்பு மாதிரி ஒரு சேசிஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட்டில் பூட்டினார்கள். கூரையும் அப்படிப் பூட்டிய துண்டுதான். அடுத்த ஆண்டே கன்வெர்ட்டிபிளும் வந்தது. 1962-இல் இந்தச் சேசிஸின் வழியில்தான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் 1961 முதல் இதே வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானதைத் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நான்கு கதவு ஹெரால்டுகூட வந்தது. இங்கிலாந்தில் அது கிடையாது.

அண்ணன் இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கூரையின் துருப்பிடித்த போல்ட்டுகளை ஒன்றும் முறியாமல் கழற்றியிருக்கிறார். எல்லாம் ஒரு மைலோ டின்னில் கிடக்கின்றன. எந்த போல்ட் எந்த இடம் என்று அட்டைத் துண்டில் எழுதிக் கட்டியிருக்கிறார். சேசிஸின் பக்கக் கைகளைச் சுத்தியால் தட்டிக் காட்டினார். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. மெர்போக் ஆற்றுப் பக்கத்து உப்புக் காற்று இரும்பை விடாது. அதை மாற்றிய பிறகே கேன்வாஸ் கூரை போடுவாராம். கதவு இடைவெளியைச் சரிசெய்ய உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகளைச் செருகுகிறார். வெல்டிங் வேண்டியதில்லை.

கூரையில்லாத ஹெரால்டிலேயே மெர்போக் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். மேலே வானம், வலப்பக்கம் குனோங் ஜெராயில் மேகம். திரும்பும் இடத்தில் சாலை குறுகலாக இருந்தது. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி, ஒரே மூச்சில் திருப்பினார். கதவுகள் ஒரு தடவைகூட முனகவில்லை. மைனரின் கூரையை அறுத்தவர்கள் தேடியதும் இந்தக் காற்றைத்தான். அந்த ஆசையில் தவறில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது மணி பத்தரை. வெயிலுக்கும் மழைக்கும் திறந்த வண்டி நம் ஊரில் காலை நேரத்துக்கும் சாயங்காலத்துக்கும்தான் ஆகும் என்று அண்ணனே சொன்னார்.

கெடா பக்கம் யாருடைய வீட்டுப் பின்புறத்திலாவது தாத்தா விட்டுச்சென்ற வண்டி நின்றால், கூரையில் கை வைப்பதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள். தனிச் சேசிஸ் இல்லாத வண்டி என்றால் கூரையை விட்டுவிடுங்கள். மாற்றியே தீர்வதென்றால் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலைக் கேளுங்கள், கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு வைக்காமல் ரம்பத்தை எடுக்க விடாதீர்கள். ஹெரால்டாக இருந்தால் ஸ்பேனர் போதும். கழற்றிய கூரையை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்து வருகிறவர் அதைத் திரும்ப மாட்ட விரும்பலாம்.