கண்டிச் சீமைக்குச் சொந்தம் பார்க்கப் போகிறீர்களா?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "தாத்தாவோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? எல்லாரும் எங்கே போனார்கள்?"

ஒருவர் ஊரிலேயே தங்கிவிட்டார், ஒருவர் பினாங்குக் கப்பல் ஏறினார், இன்னொருவர் கண்டிக்குப் போனார் என்று பதில் வருகிற குடும்பங்கள் நம் பேராக்கில் உண்டு. கண்டி என்றால் கண்டி நகரம் மட்டுமல்ல. இலங்கையின் தேயிலை மலைகள் முழுவதையும் நம் முன்னோர் கண்டிச் சீமை என்றுதான் சொன்னார்கள். திருச்சி, சேலம், தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் இரண்டு சீமைகளுக்கும் ஆள் சேர்த்தார்கள். இங்கே வந்தவர் பால் மரம் வெட்டினார். அங்கே போனவர் கொழுந்து பறித்தார். 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் தோட்டத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு நிறுத்தியது. அதன் பிறகு தபால்காரர் கொண்டுவந்த கடிதம்தான் சொந்தம்.

இன்று கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். தூரம் ஒரு தடையே இல்லை. யாரைத் தேடிப் போவது என்று சொல்லக்கூடிய ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பதுதான் தடை.

புறப்படுமுன் எழுதிக்கொள்ளுங்கள்

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னால் வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து நான்கு விவரங்களைக் கேட்டு எழுதுங்கள். தமிழ்நாட்டில் பூர்வீக ஊர் எது? போனவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் என்ன? எந்தக் கங்காணியோடு போனார்? எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு?

கடைசிக் கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. நம் பக்கத்தில் தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்தது அல்லவா? அங்கேயும் அப்படித்தான். கொழும்பில் அச்சிட்ட வரைபடத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும். ஹட்டன் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கோ தமிழ்ப் பெயர்தான் தெரியும். இரண்டையும் கேட்டு வையுங்கள். ஒரு தோட்டத்துக்குள்ளேயே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று மைல் கணக்கில் தள்ளி இருக்கும். ஆகவே பிரிவின் பெயரும் வேண்டும். பழைய கடித உறை ஏதாவது பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்து அலுவலகத்துக்கு வரும் கடிதம் கைமாறித்தான் வீடு சேரும். உறையில் இருக்கும் அந்த அலுவலகத்தின் பெயரே உங்களுக்கு வழிகாட்டி.

இன்னொன்றுக்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. ஒரே வீட்டில் தாய் ஒரு நாட்டுக்கும் பிள்ளை ஒரு நாட்டுக்கும் எழுதப்பட்டதுண்டு. ஆகவே நீங்கள் தேடிப் போகும் பெரியப்பா வீட்டார், "அவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்களே" என்ற பதிலாக மட்டும் இருக்கலாம். சோர்ந்து போகாதீர்கள். அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சிலர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். கண்டிக்குப் போன கிளை கடைசியில் பால் மரத்தடிக்கே வந்து சேர்ந்த கதையும் இருக்கிறது, பாருங்கள்!

மலை ஏறும் வழி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். அங்கிருந்து கம்பஹா அதிக தூரமில்லை. அங்கே ஹெனரத்கொடை தாவரத் தோட்டம் இருக்கிறது. பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளை 1876இல் இலங்கைக்கு அனுப்பியபோது, அவற்றை நட்ட இடம் அது. நமக்குச் சோறு போட்ட மரத்துக்கும் அந்தத் தீவில் சொந்தம் உண்டு என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் பாதை ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று தேயிலைக்குள்ளேயே ஏறுகிறது. 1885இல் நானுஓயா வரைக்கும் 1924இல் பதுளை வரைக்கும் போட்ட பாதை அது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பல உயிர்கள் போயின. ரயில் பாதையும் சேதமானது. ஆகவே ரயில் எதுவரை போகிறது, சாலை எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே. கேமரன் மலைக் குளிரை நினைத்துக்கொண்டு போனால் நடுங்கிப்போவீர்கள்.

லயத்து வாசலில்

தோட்டம் கம்பெனி நிர்வாகத்தில் இருப்பதால் முதலில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பிறகு லயத்துக்கு நடக்கும்போது உங்கள் கூட வரும் பாட்டியின் முகத்தைப் பாருங்கள். நீளமான ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், வாசலில் அடுப்புப் புகை. நாம் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் விட்டு வந்த வீடு அங்கே இன்னும் நிற்கிறது.

"யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும், "எந்த ஊரு?" என்பது அடுத்த கேள்வி. ஈப்போ என்று சொல்லாதீர்கள். பூர்வீக ஊரைச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில்தான் கதவு திறக்கும்.

பேச்சும் பழகியதாகவே இருக்கும். அவர்களுக்கும் பெரட்டுதான், துரைதான், கங்காணிதான். நம் கிராணியை அவர்கள் கணக்கப்பிள்ளை என்பார்கள். நம் ஆயாக் கொட்டகை அங்கே பிள்ளைக் காம்பரா. நம்மவர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள். அவர்கள் விடிந்த பிறகு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். நமக்குக் கொசு, அவர்களுக்கு அட்டை. நமக்கு மழை வந்தால் வேலை நின்றது. அவர்கள் மழையிலும் பறிக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். "இன்னுமா லயத்தில் இருக்கீங்க?" என்று வாய் தவறியும் கேட்காதீர்கள். அவர்கள் அங்கே இருப்பது சோம்பலால் அல்ல. குடியுரிமைச் சிக்கல் முழுவதும் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தவர்கள் அவர்கள். சொந்தமாக வீடும் நிலமும் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வருடக்கணக்கில் அலைந்தவர்கள் நம்மிடையிலும் இருந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். அப்போது பேச்சு சமமாகும். ஒரே காம்பராவில் குடும்பமே படுக்கும் வீட்டில் நாலு பேராகப் போய்த் தங்கிச் சங்கடப்படுத்த வேண்டாம். இரவு ஹட்டனில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பிடாமல் மட்டும் கிளம்பாதீர்கள். அடுப்பில் சுட்ட ரொட்டியும் சம்பலும், இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியும் தருவார்கள். அதை மறுப்பது சொந்தத்தையே மறுப்பது போல.

அவர்கள் இங்கே வந்தால்?

திரும்பும்போது தேயிலைப் பொட்டலத்தோடு இன்னொன்றும் கொண்டுவாருங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளின் பெயர், வயது, படிப்பு, கைப்பேசி எண். உங்கள் பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெரியவர்கள் காலத்துக்குப் பிறகு பேச வேண்டியவர்கள் அவர்கள்தானே.

நாளை அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள். "நீங்க இருந்த தோட்டத்தைக் காட்டுங்க" என்பார்கள். என்ன காட்டப் போகிறோம்? பல தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. பல வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. நாம் புந்தோங்கிலும் மலிவு விலை வீடுகளிலும் இருக்கிறோம். அதனால் வருந்த வேண்டாம். அவர்களைக் கோலகங்சாருக்கு அழைத்துப் போங்கள். 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று முதிய மரமாக அங்கே இன்னும் நிற்கிறது. ஹெனரத்கொடைக்குப் போன அதே விதைக் கூட்டத்தின் பிள்ளை அது. அந்த நிழலில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுங்கள்.

இந்த வாரமே பாட்டியிடம் உட்காருங்கள். நோட்டும் பேனாவும் போதும்.