கைபேசியில் கரைந்த காசு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் கணவருக்கு இரவு ஷிப்ட். 2012-இல் ஒரு நாள் நடுராத்திரியில் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அவரைக் கூப்பிடலாமென்று செல்போனை எடுத்தால், பேசக் காசே இல்லை! முதல் நாள்தான் ஐம்பது ரூபாய் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா போனில்தான் பேசினேன். அவர் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகே எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் விசாரித்தால், கேட்காத ஜோசியத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் பிடித்தமாம்! "நீங்கதாம்மா ஏதோ பட்டனை அமுக்கியிருப்பீங்க" என்றார்கள். விளையாடட்டுமென்று குழந்தையிடம் போனைக் கொடுத்தது என் தப்புத்தான்.

இருமுறை சம்மதம் வாங்காமல் இப்படிச் சேவைகளைத் தொடங்கக் கூடாதென்று 2013-இல் டிராய் உத்தரவிட்டது. வேண்டாதவற்றை நிறுத்த 155223. விளம்பரத் தொல்லைக்கு 1909. இரண்டையும் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். பால் கணக்கோடு போன் கணக்கையும் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள், சகோதரிகளே!