இருபது நிமிடம்

ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஒகேனக்கல்லில் பாம்பும் கரையேறும். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். 2024 ஜூலைக் கடைசியில் கபினியையும் கிருஷ்ணராஜசாகரையும் திறந்துவிட்டபோது நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்துகொண்டிருந்தது. அருவி என்று தனியாக ஒன்று இல்லை. பாறையெல்லாம் மூழ்கி ஒரே செந்நிற வெள்ளம். பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. டிவிக்காரர்கள் வந்து ஆற்றைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

தாய்மாமா பரிசல் ஓட்டுகிறவர். கவிழ்த்து வைத்திருந்த பரிசலை இன்னும் கொஞ்சம் மேட்டுக்கு இழுத்துப்போடப் போனவர், அதன் விளிம்பைத் தூக்கியதும் உள்ளே ஒதுங்கியிருந்தது கணுக்காலில் கடித்துவிட்டது. பார்த்தவர்கள் கண்ணாடி விரியன் என்றார்கள். அத்தை பரிசல் கயிற்றாலேயே முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டு எனக்கு போன் செய்தார்.

நான் ஓடிப்போனபோது பெரிய வாக்குவாதம். ஒருவர் மந்திரிக்கிற ஆளைக் கூப்பிடச் சொன்னார். நான், "நேரா தர்மபுரிக்கே போயிரலாம்" என்றேன். தர்மபுரி இங்கிருந்து 45 கிலோமீட்டருக்குப் பக்கம், அதில் பாதி காடும் வளைவும். ஆரம்ப சுகாதார நிலையம் என்றாலே எனக்குக் காய்ச்சல் மாத்திரையும் தடுப்பூசியும்தான். காரணம் இல்லாமலும் இல்லை. வேறோர் ஊரில், மருந்து அலமாரியில் இருந்தும் போடப் பயந்து, "மேல கொண்டு போங்க" என்று அனுப்பி, வழியிலேயே போய்ச்சேர்ந்த ஒரு சித்தப்பா எங்களுக்கு இருந்தார்.

மீன் ஏற்றுகிற டாடா ஏஸ் டிரைவர் என் பேச்சைக் கேட்கவில்லை. "மொதல்ல ஊசி இருக்கற எடம்டா" என்று வழியிலிருந்த சுகாதார நிலையத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார்.

சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "கடிச்சப்ப மணி என்ன?" யாருக்கும் தெரியவில்லை. என் போனைப் பார்த்தேன். அத்தையின் அழைப்பு 6.52. அதையே எழுதிக்கொண்டார். நான் கயிற்றில் கை வைத்ததும், "அத யாரும் அவுக்காதீங்க, நான் சொல்றப்ப பாத்துக்கலாம்" என்று அதட்டினார். இறுகக் கட்டியதைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறிவிடுமாம்.

பிறகு ஒரு டிராயரைத் திறந்து கண்ணாடி டியூப் ஒன்றை எடுத்தார். இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அதில் விட்டு ஸ்டாண்டில் வைத்தார். "இருவது நிமிசம். யாரும் ஆட்டக் கூடாது."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடம் இல்லை. மாமா பேசிக்கொண்டுதான் இருந்தார், பரிசலைக் கட்டினீங்களா என்று. ஈறில் லேசாக ரத்தம். குவார்ட்டர்ஸிலிருந்து டாக்டர் வந்து மருந்தை எண்ணி வைத்தார். சிஸ்டர் டியூபைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர்போல ஓடியது.

பத்து குப்பி. தூளாக இருப்பதைக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார் சிஸ்டர். பக்கத்து டிரேயில் அட்ரினலின் ஊசி ஏற்றித் தயாராக இருந்தது. குதிரையின் உடலில் உருவாக்கி எடுக்கிற மருந்து, சிலருக்கு ஒவ்வாது. மாமாவுக்கும் ஒவ்வவில்லை. கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்தது. தேட வேண்டியிருக்கவில்லை, அந்த ஊசி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அடங்கிய பிறகு மருந்தை மறுபடி ஏற்றி, கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்தி, 108-ல் தர்மபுரிக்கு அனுப்பினார்கள். ஆறு மணி நேரம் கழித்து அங்கேயும் அதே கண்ணாடி டியூப் சோதனைதான்.

ஏன் கண்ணாடி என்று பிற்பாடு தேடிப் படித்தேன். பிளாஸ்டிக்கில் ரத்தம் சரியாக உறையாது. சோப்புப் போட்டுக் கழுவிய டியூபிலும் உறையாது, நல்ல ரத்தமே விஷ ரத்தமாகத் தெரியும். யாரோ புது டியூப்களைக் கழுவாமல், ஈரம்படாமல் எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். பேரிடர் முன்னேற்பாடு என்றால் ரப்பர் படகும் கட்டுப்பாட்டு அறையும்தான் செய்தியில் வரும். டிராயரை யார் காட்டுவார்கள்?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு மதிப்பீடு. ஆண்டுக்கு 58,000. பெரும்பாலோர் கிராமங்களில், அதுவும் மழைக்காலத்தில். நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து மருந்து இருக்கிறது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதே நம் வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம்தான். ஆனால் 2023 மே மாதம் வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை மருந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக ரோடு இல்லை. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, அந்தத் தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. இனி தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்லதுதான். கணக்கு வந்தால்தானே எந்த ஊருக்கு எத்தனை குப்பி என்று தெரியும்.

மாமா இப்போது துடுப்பால் இரண்டு தட்டு தட்டாமல் பரிசலைத் தொடுவதில்லை.

அடுத்த வருடம் தண்ணீர் வருகிறது என்று சொன்ன வாரத்தில் அந்த நிலையத்துக்குப் போனேன். அந்த சிஸ்டர் மாற்றலாகிவிட்டார். புதியவர் சின்னப்பெண். தயங்கித் தயங்கி, அந்த டிராயரைக் கொஞ்சம் திறந்து காட்ட முடியுமா என்றேன்.

"எதுக்குங்க?"

சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுத் திறந்தார். டியூப் ஒன்றுதான் இருந்தது. பேனாவை எடுத்து இன்டென்ட் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.