முள் இறங்கிய நேரம்

எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற 1994-ஆம் ஆண்டு டீசல் அம்பாசடரின் முகப்பில் இன்று புதிதாக இரண்டு மீட்டர்கள் இருக்கின்றன. சகோதரர் இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருத்தியவை. கிழட்டு வண்டிக்கு இந்த அலங்காரம் எதற்கென்று ராஜகுளத்தில் கேட்காதவர் குறைவு. காரணத்தைச் சொன்னால் எங்கள் தவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

2016-ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் இரவு, மூச்சிரைப்பால் தவித்த தாயாரை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு விரைந்தோம். பாதி வழியில் அவர், "ஏதோ காந்தல் வாடை வருதுப்பா" என்றார். வெப்பமானியைப் பார்த்தோம். சற்றுமுன் ஏறியிருந்த முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லம்மா, சூடு குறையுது" என்று தேற்றினோம். இரண்டு கிலோமீட்டர் செல்வதற்குள் இன்ஜின் முனகி நின்றுவிட்டது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர்தாம் தாயாரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் சேர்த்தார். அந்த மனிதரின் பெயரைக்கூட அன்று நாங்கள் கேட்கவில்லை.

ரேடியேட்டரின் அடி ஹோஸில் கிளாம்ப் தளர்ந்து, தண்ணீர் முழுவதும் சாலையில் ஒழுகியிருந்தது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் வெந்துபோயிருந்தது. அப்படியானால் முள் ஏன் இறங்கியது? மெக்கானிக் விளக்கினார். வெப்பமானியின் உணர்கருவி தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் சரியாகச் சொல்லும். தண்ணீர் வடிந்ததும் அது வெறும் காற்றில் தொங்கும். இரும்பு கொதித்தாலும் முள் இறங்கக்கூடும். அந்த முள்ளை நம்பி, தாயாரின் மூக்கை நம்பாமல் விட்டோம்.

அம்பாசடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டதால் இன்னோர் இன்ஜினைத் தேடி அலைவது எளிதன்று. பழுது பார்த்தபின், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்று எண்ணெய் அழுத்தமானி ஒன்று வாங்கினோம். கடைக்காரர் டர்போ மீட்டரையும் காட்டினார். எங்கள் வண்டியில் டர்போவே இல்லை என்றதும் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்துவிட்டார். மற்றொன்று, தண்ணீரை நம்பாமல் ஹெட்டின் உலோகச் சூட்டையே அளப்பது. அதன் உணர்கருவி மோதிரம்போல் இருக்கும். ஹெட்டை இறுக்கும் பெரிய போல்ட்டுகளைத் தொடாமல், மேலிருந்த சிறு போல்ட்டு ஒன்றின் அடியில் அதைப் பொருத்தினோம்.

அழுத்தமானியின் உள்ளே இருப்பது, பிரான்சு நாட்டு போர்டன் 1849-இல் உரிமம் பெற்ற வளைகுழாய். திருவிழாக் கடைகளில் ஊதினால் நீளும் காகிதச் சுருளைப் பார்த்திருப்பீர்கள்; அதே தத்துவம்தான். எண்ணெய் அழுத்தம் கூடினால் குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். பழைய சிவப்பு விளக்கையும் நாங்கள் கழற்றவில்லை. அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போன பின்னரே அது எரியும் என்றாலும், பித்தளை 'டீ' ஒன்றைப் போட்டு இரண்டையும் இணைத்தோம்.

அங்கேதான் அரைநாள் வீணாயிற்று. கசியக்கூடாதென்று மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தோம். சாவியைத் திருப்பினால் எரியவேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்த ஸ்விட்சுக்கு எர்த் கிடைப்பது மரை வழியாகத்தான். டேப் அதைத் தடுத்துவிட்டது. எங்கள் அக்கறையே அதன் வாயை அடைத்திருந்தது. டேப்பை உரித்துச் செம்பு வாஷர் போட்டபின் விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குழாய் உள்ளே நுழையும் துளையில் ரப்பர் புஷ் வைத்தோம். தகரம் அறுத்தால் கொதிக்கும் எண்ணெய் காலில் கொட்டும்.

ஒரு மாதம்வரை முள் நிற்கும் இடங்களை நோட்டில் குறித்து வந்தோம். எங்கள் வண்டிக்கு எது வழக்கம் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

சென்ற அறுவடை முடிந்த சமயம், உத்திரமேரூர் சாலையில் பின்னிருக்கையிலிருந்து தாயார், "வாடை வருதுப்பா" என்றார். இரண்டு முள்ளும் வழக்கமான இடத்தில்தான் இருந்தன. ஆயினும் ஓரங்கட்டி நிறுத்தி, பானெட்டைத் திறந்து பார்த்தோம். பக்கத்து வயலில் யாரோ வைக்கோல் கொளுத்தியிருந்தார்கள்.