அஜக்ஸ் ஏரிக்கரையும் வங்காலைப் பூநாரைகளும்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் அமைந்த அஜக்ஸ் நகரில் பூநாரை இல்லை. அது இரை தேடுவதற்குரிய ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பும் அங்கே இல்லை. ஆயினும் இன்று உயிரோடுள்ள பறவைகளுள் பூநாரைக்கு மிக நெருங்கிய உறவினம் அந்த ஏரியிலேயே நீந்துகிறது. டஃபின்ஸ் சிற்றாறு ஏரியோடு கலக்கும் ரோட்டரி பூங்காப் பக்கமாக ஏப்பிரல் மாதத்தில் நடப்பவர், கரைக்குச் சற்று அப்பால் செங்கழுத்து முக்குளிப்பான் ஒன்று ஓசையின்றி மூழ்கி, எதிர்பாராத இடத்தில் தலை நீட்டுவதைக் காண வாய்ப்புண்டு. குட்டைக் காலும் கூரிய அலகும் கொண்டு, நிலத்தில் நடக்கவே தடுமாறும் இந்தப் பறவைக்கும் நெட்டைக் கால் பூநாரைக்கும் தோற்றத்தில் எந்தப் பொருத்தமும் இல்லை. அதனாலேயே பூநாரையை நாரைகளோடு சேர்ப்பதா, வாத்துகளோடு சேர்ப்பதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 2001இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதனை முக்குளிப்பானோடு இணைத்தபோது பலர் நம்பத் தயங்கினாலும், பின்னர் வந்த ஆய்வுகள் அம்முடிவையே உறுதிசெய்தன. இரண்டின் முட்டை ஓட்டின்மீதும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்படலம் இருப்பதும், இரண்டின் குடலிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நாடாப்புழுக்கள் வாழ்வதும் அந்த உறவுக்குத் துணைச் சான்றுகள்.

அஜக்ஸில் வாழும் ஈழத்தமிழர் டிசம்பர் விடுமுறையில் ஊர் செல்லும் காலமே பூநாரைகள் இலங்கையின் மன்னாரில் தங்கும் காலமும் ஆகும். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் ஏ14 வீதி, முருங்கனைக் கடந்து தள்ளாடியை நெருங்கும்போது, இருமருங்கும் வெளி விரிந்து, சேறும் உப்பும் தேங்கிய நீருமாகக் காட்சி மாறுகிறது. இதுவே வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 4,839 ஹெக்டேர் பரப்புள்ள இந்நிலம், உலகின் முக்கிய ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971இல் ஈரானிய நகரொன்றில் கையெழுத்தான ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்டது.

இங்கு வருவது பெரும் பூநாரை. உலகிலுள்ள ஆறு பூநாரை இனங்களுள் உயரத்தில் முதலிடம் பெறும் இது, நின்றிருக்கையில் வெளிறிய வெண்மையாகவே தோன்றும். சிறகை விரிக்கும் கணத்தில்தான் உள்ளே மறைந்திருந்த செந்நிறமும் ஓரத்துக் கருமையும் வெளிப்படும். அந்தச் செம்மை பிறவியில் வருவதன்று. பாசிகளும் அவற்றைத் தின்னும் சிறு இறால்களும் கொண்டுள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிப் பொருள் இறகில் படிவதால் உண்டாவது; ஆகவே சாம்பல் நிறத்தில் வெளிவரும் குஞ்சு நிறம் பெறச் சில ஆண்டுகள் ஆகின்றன. இரை எடுக்கும் முறை இன்னும் நுட்பமானது. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாகுமாறு நீருக்குள் வைத்து, தடித்த நாக்கை முன்னும் பின்னும் விரைந்து அசைத்து நீரை உள்ளிழுத்து வெளித்தள்ள, அலகின் உள்ளோரத்தில் சீப்புப் பற்கள்போல் நெருங்கிய மென்தகடுகள் உயிரிகளை அரித்து நிறுத்திக்கொள்கின்றன. சில வேளை ஒரே இடத்தில் சேற்றை மிதித்தபடி வட்டமாகச் சுற்றும். அது பறந்துபோன பின் நடுவில் மேடும் சுற்றிலும் பள்ளமுமாக ஒரு வளையம் சேற்றில் எஞ்சும்.

ஒரு பருவத்தில் ஒரே முட்டை. அதுவும் சேற்றால் எழுப்பிய கூம்பின் உச்சியில். ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாத்த பின், தாயும் தந்தையும் தம் உணவுக்குழாயில் சுரக்கும் செந்நிறப் பாலை ஊட்டிக் குஞ்சை வளர்க்கின்றன. இலங்கையில் இவை கூடு கட்டுவது வழக்கமில்லை. தெற்காசியாவில் இவ்வினத்தின் பெரும் இனப்பெருக்கக் களம் குஜராத்தின் கச்சுப் பெருவெளியில் உள்ளது. 1940களில் பறவையியலாளர் சாலிம் அலி சென்று பதிவுசெய்த ‘பூநாரை நகரம்’ அதுவே. உலக அளவில் இவ்வினம் அழியும் தறுவாயில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஆறுதல் கொள்வது தவறு; இலட்சக்கணக்கான பறவைகள் விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்களையே நம்பி முட்டையிடுகின்றன.

தங்குமிடம் கெடுவதற்குக் கட்டடம் எழ வேண்டியதில்லை. இலங்கையின் தென்கரையிலுள்ள பூந்தல, 1990இல் அந்நாட்டின் முதல் ராம்சார் நிலமாகி, ஒருகாலத்தில் பூநாரைகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. லுணுகம்வெஹெர நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல் வடிகால் நன்னீர் களப்புகளுக்குள் பாய, உவர்ப்பு குறைந்து, இரையாகும் நுண்ணுயிர்கள் மாறி, பூநாரைக் கூட்டங்கள் அங்கிருந்து விலகின. நன்னீரே கேடாகும் இந்நிலையை வேளாண் மரபில் வந்த தமிழ் உள்ளம் ஏற்பது கடினம்; ஆயினும் களப்புக்கு உப்பே உயிர்.

மன்னாரின் இடர் வேறு வகையானது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் திறன்கொண்ட ‘தம்பபவனி’ காற்று மின்நிலையம் 2020 டிசம்பரில் தொடங்கியது. அடுத்துத் திட்டமிடப்பட்ட 250 மெகாவாட் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. எனினும் வேறு திட்டங்கள் தொடர, அவ்வாண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் அவற்றை எதிர்த்து வீதியில் இறங்கினர். பூநாரைகள் பெரும்பாலும் இரவில், கூட்டமாக இடம்பெயர்பவை. இருளில் மின்கம்பி அவற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கச்சில் கம்பிகளில் மோதி அவை மடிந்ததுண்டு. காற்று மின்சாரம் வேண்டாம் என்பதன்று வாதம். பறவைகள் நாள்தோறும் கடக்கும் வழியில் கோபுரமும் கம்பியும் நிறுத்துவது பிழை என்பதே. கடலுக்கு அக்கரையில், தனுஷ்கோடியின் ஏறத்தாழ 525 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டு அரசு 2025 ஜூனில் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துள்ளது. பறவைகள் இலகுவில் கடக்கக்கூடிய சிறு கடல் இடைவெளியின் ஒரு கரையை மட்டும் காத்துப் பயனில்லை.

ஆகவே அஜக்ஸிலிருந்து மன்னார் செல்லும் உறவுகளிடம் வேண்டுவது சிறிதே. வங்காலையில் வாகனத்தை வீதியோரம் நிறுத்திப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். படத்துக்காகச் சேற்றில் இறங்கவோ, பூநாரைகளின் மேல் ட்ரோன் பறக்கவிடவோ வேண்டாம். குனிந்து இரை அரித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தை வீணே எழுப்பிவிடாதீர்கள்.