விளையாட்டுத் துணைவர்

விளையாட்டுக்குத் திடலும் கருவியும் வேண்டும் என்பர் சிலர். திறமையே வேண்டும் என்பர் பலர். இவை அனைத்தினும் முதலாவதாக வேண்டப்படுவது நல்ல துணையே என்பது என் துணிபு. துணை வாய்த்தால் தோல்வியும் இனிக்கும். வாய்க்காவிடின் வெற்றியும் கசக்கும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவர், நம் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர். இன்று அவர் துறைமுகத்தில் கணக்கராகப் பணிபுரிகிறார். தம் பெயர் அச்சேறுவதை விரும்பாதவர் ஆதலின், நண்பர் என்றே குறிப்பிடுகின்றேன்.

சீனக்குடாவில், துறைமுக நீர்ப்பரப்பைப் பார்த்தபடி, விமானப்படையினரின் 'ஈகிள்ஸ்' கோல்ப் திடல் அமைந்துள்ளது. குழிகள் 18. அருகிலுள்ள விமானத்தளம் 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளானது. விடுமுறை நாள்களிற் காலையில் நண்பர் என்னை அங்கே அழைத்துச் செல்வார். தமிழாசிரியனுக்குக் கோல்ப் எதற்கு என்று எவரேனும் வினவினால், "பெயரிலேயே கோல் இருக்கிறதே! வாத்தியார் கையிற் கோல் இருப்பது புதுமையா?" என்று எனக்கு முன்னே அவர் விடையிறுத்து விடுவார்.

இவ்விளையாட்டின் இலக்கு எளிது. 46 கிராம் எடையும் இல்லாத சிறு பந்தைக் கோலால் அடித்து அடித்துச் சென்று, 108 மில்லிமீற்றர் அகலமுள்ள குழியில் விழச்செய்தல் வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் முந்துவார். திறன் குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கணக்கிடும் முறையும் உண்டு. ஆகவே வல்லவரும் எளியவரும் ஒருங்கே ஆடலாம். நம்மைப் போன்றோர் ஆடும்போது நடுவர் எவரும் உடன் வருவதில்லை. அடித்தவர் மனச்சான்றே நடுவர்.

இங்கேதான் நண்பரின் இயல்பு விளங்குகிறது. புதருக்குள் எவர் கண்ணுக்கும் படாமல் இரண்டடி வீணானால், வெளியே வந்ததும் "இரண்டு" என்று உரத்துச் சொல்லுவார். கோல் பெயர்த்த புற்கரணையை எடுத்து, இருந்த இடத்திலேயே பதித்து மிதித்துவிட்டே நகர்வார். என் பந்து தொலைந்தால் எனக்கு முன்னே குனிந்து தேடுவார். நான் நன்றாக அடித்தால், பந்து நிற்கும் முன்பே அவர் பாராட்டு வந்துவிடும். தம் பந்து நெறி தவறிக் குடாப்பக்கம் பறந்தபோதோ, "பந்துக்கும் கடல் பார்க்க ஆசையிருக்காதா, வாத்தியார்?" என்றார். இன்பத்துக்காக விளையாடுவோர் கருத்தின்றி விளையாடுவர் என்று எண்ணுதல் தவறு. கணக்கில் அவர் கண்டிப்பு மிக்கவர். கணக்கின் முடிவிலேதான் அவருக்குக் கவலை இல்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வம், அறிவு, காதலர் கூட்டம் என்பன ஏனையவை. புகழையோ பெருமிதத்துக்கு உரியதாக வேறிடத்தில் வைத்தார். ஆடுதலே மகிழ்ச்சி, அதனால் வரும் புகழ் மற்றொன்று. இப்பாகுபாட்டை வகுப்பில் பல்லாண்டு கற்பித்த எனக்கு, அதற்கு எடுத்துக்காட்டாக நிற்பவர் நண்பரே.

உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரரிடத்தும் இப்பண்பு காணப்பட்டதுண்டு. 1969 ஆம் ஆண்டு இங்கிலாந்தில், அமெரிக்க அணியும் பிரித்தானிய அணியும் ரைடர் கிண்ணத்துக்காகப் பொருதின. இறுதி ஆட்டத்தின் இறுதிக் குழியில், பிரித்தானியரான டோனி ஜாக்லின் ஒரு குறுந்தொலைவு அடியை அடிக்க வேண்டியிருந்தது. அது தவறினால் அமெரிக்கருக்கு முழு வெற்றி. எதிரே நின்ற ஜாக் நிக்லஸ், அவ்வடியை அடிக்க வேண்டியதில்லை என விட்டுக்கொடுத்தார். போட்டி 16க்கு 16 எனச் சமமாக முடிந்தது. அவ்வாண்டில் யார் யார் எத்தனை குழி வென்றனர் என்பதைப் பலர் மறந்திருப்பர். அந்த விட்டுக்கொடுப்பை உலகம் இன்றும் பேசுகிறது.

நண்பரின் மகிழ்ச்சிக்கு வேறொரு காரணமும் உண்டென்பது என் எண்ணம். நாங்கள் சிறுவராய் வளர்ந்த காலம், 1983 முதல் 2009 வரை நீடித்த போருக்குள் அகப்பட்ட காலம். பந்து உருள வேண்டிய மாலைப்பொழுதுகளில் ஊரடங்கு வந்து கதவை அடைத்தது. இருட்டும்வரை ஆடி, அம்மாவின் ஏச்சோடு வீடு திரும்பும் பேறு எங்கள் தலைமுறையிற் பலருக்குக் கிட்டவில்லை. சிலர் ஊரை நீங்கினர். சிலர் உலகையே நீங்கினர். ஒருநாள், எத்தனை ஆட்டம் தோற்றாலும் சிரிக்கிறீரே என்று கேட்டேன். "வெளியில் நின்று விளையாடுகிறோமே, அது போதாதா?" என்றார். அதன்பின் இருவரும் அடுத்த குழிவரை பேசாது நடந்தோம்.

புள்ளிகளாலும் தரவரிசையாலும் பிள்ளைகளை அளக்கும் காலம் இது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக மாலை விளையாட்டை இழக்கும் சிறுவரை நாள்தோறும் காண்கின்றேன். போர் எங்களிடமிருந்து பறித்ததை, அமைதிக்காலத்தில் நாமே நம் மக்களிடமிருந்து பறித்தல் முறையாகுமா? பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்குக் கட்டடமும் நூலும் வழங்குவோம், அவை வேண்டியனவே. அவற்றோடு, மாலையில் ஒரு மணி நேரமேனும் வெற்றி தோல்வி நோக்காது ஆடும் உரிமையையும் நம் சிறுவர்க்கு வழங்குவோமாக. நண்பரைப் போன்ற துணைவர் அவர்களுக்கும் வாய்ப்பாராக.