கசப்புக் காயும் கல் வீடும்



ஸூரத்துல் ஹுஜுராத்தின் பரிகாசம் பற்றிய வசனத்தைப் (49:11) பாடம் நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "ஹஜ்ரத், அப்படியானால் கேலிச்சித்திரம் முழுவதுமே பாவம்தானா?" நம் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்திய படங்களின் காயம் அக்கேள்விக்குள் இருக்கிறது. உருவம் வரைவது குறித்து உலமாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாடு தனிப் பாடம். இங்கே நான் பேச விழைவது சிரிப்பின் அறத்தைப் பற்றி மட்டுமே.

அப்போது நான் அவர்களுக்கு நாஜி அல்அலீயைப் பற்றிச் சொல்வதுண்டு. பாலஸ்தீனத்தின் அஷ்ஷஜரா கிராமத்தில் பிறந்தவர். 1948இல், ஏறத்தாழப் பத்து வயதில் வீட்டை இழந்து, லெபனானின் அய்ன் அல்ஹில்வா முகாமில் அகதியானார். 1969இல் குவைத் நாளிதழ் ஒன்றில் ஹன்ளலா என்னும் சிறுவனை வரைந்தார். வெறுங்கால், கந்தலாடை. பின்னாளில் அவன் கைகளைப் பின்னால் கட்டி, நமக்கு முதுகு காட்டி நின்றான். அவனுக்கு என்றும் வயது பத்துதான். தாயகம் திரும்பினால்தான் வளர்வான்.

ஹன்ளல் என்பது பேய்க்குமட்டி. குர்ஆன் ஓதாத நயவஞ்சகனுக்கு ஹதீஸில் உவமையாக வரும் மணமற்ற கசப்புக் காய் அதுவே. அந்தக் கசப்பையே நாஜி தம் சிறுவனுக்குப் பெயராக இட்டார். அவருடைய பேனா ஆக்கிரமிப்பாளரோடு நிற்கவில்லை. அரபு ஆட்சியாளர்களையும் பாலஸ்தீனத் தலைவர்களையும் குத்தியது. 1987 ஜூலை 22 அன்று லண்டனில் சுடப்பட்ட அவர், ஆகஸ்ட் 29 அன்று இறந்தார்.

தன்னை உயர்ந்தவனாக எண்ணிப் பிறரைத் தாழ்த்தும் சிரிப்பையே ஹுஜுராத் தடுக்கிறது. தீய சொல்லைப் பகிரங்கப்படுத்துவதை வெறுக்கும் இறைவன், அநீதி இழைக்கப்பட்டவனுக்கு அதில் விலக்களிக்கிறான் (4:148). குறைஷியரின் வசைக்குக் கவிதையால் பதிலடி கொடுத்த ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபிகளாரின் பள்ளிவாசலிலேயே மேடை இடப்பட்டது.

இனி வீட்டைப் பற்றி. இல்லங்களை அமைதி பெறும் இடங்களாக ஆக்கியதைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் எண்ணிக் காட்டுகிறான் (16:80). அக்கொடை பறிபோனவர்கள், பூட்டி வந்த வீட்டின் சாவியைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்துச் செல்கிறார்கள். ரமல்லாவுக்கு வடக்கே பீர்ஸைத் நகரில் 2016இல் பாலஸ்தீன அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் ஆன அக்கட்டடம், அந்நாட்டு உழவர் மலைச்சரிவில் கற்களை அடுக்கி உண்டாக்கிய படிவயல்களைப் போலவே குன்றிலிருந்து இறங்குகிறது. 2019இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. திறப்பு நாளில் அதற்குள் காட்சிப்பொருள் ஒன்றுமில்லை. ஆயினும் வெறுமையான அந்தக் கூடமும் ஒரு சாட்சியே. ஊரின் நிலமே வீடாக எழுந்து, தன் மக்களுக்காகக் காத்திருந்தது. ஹன்ளலாவும் அதற்காகவே காத்து நிற்கிறான்.

ஆகவே சகோதரர்களே, கேலிப் படமொன்று கைப்பேசிக்கு வரும்போது அதைப் பிறருக்கு அனுப்புமுன் ஒன்றை எண்ணிப் பார்ப்போம்: இச்சிரிப்பு யாருடைய வீட்டைக் காக்கிறது, யாருடைய வீட்டை இடிக்கிறது? அண்டை வீட்டாரின் நிறத்தையும் பேச்சையும் ஏழ்மையையும் பழிக்கும் துணுக்கு, சிறியதாயினும், வசனம் தடுத்த பரிகாசமே.

வீடிழந்தோர் அனைவருக்கும் அல்லாஹ் அவர்தம் இல்லங்களைத் திருப்பித் தருவானாக. ஆமீன்.